புதன் கோளின் தற்சுழற்சி: ஒரு பிழையின் வரலாறு

முன்னுரை

சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களுள் அளவிற் சிறியதும் சூரியனுக்கு மிக அண்மையில் உள்ளதும் புதனாகும். பாறையாலும் இரும்பாலும் ஆன இக்கோளின் விட்டம் சுமார் 4,880 கி.மீ. ஆகும். தொன்மைக்காலம் முதலே வெறுங்கண்ணால் அறியப்பட்ட ஐந்து கோள்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் இது விலகித் தோன்றுவதில்லை. மாலையில் சூரியன் மறைந்த பின்னரோ காலையில் சூரியன் எழுமுன்னரோ சிறிது நேரமே அடிவானத்தருகே காணக்கிடைக்கும். அறியப்பட்ட காலத்தால் முதிய இக்கோள், அறியப்பட்ட அளவால் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

புதன் தன் அச்சில் ஒருமுறை சுழல எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்னும் வினாவிற்கு 1889இல் ஒரு விடை கூறப்பட்டது. 88 நாட்கள் என்பது அவ்விடை. அது பிழையானது. எனினும் 1965 வரை, 76 ஆண்டுகள், தேர்ந்த நோக்கர்கள் பலரால் அது மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. இப்பிழை எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது, எவ்வாறு களையப்பட்டது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதும், அதன்வழிப் புதனின் இயற்பியல் தன்மைகளைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுற்றுக்காலம் அறியப்பட்டமை

கோளின் தற்சுழற்சியை அறிவதும் அது சூரியனைச் சுற்றிவரும் காலத்தை அறிவதும் வேறு வேறானவை. பின்னது வெறுங்கண் நோக்கீட்டாலேயே வியத்தகு நுட்பத்துடன் அறியப்பட்டிருந்தது. கி.பி. 499ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஆரியபடீயம், 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் புதனின் சீக்கிரோச்சம் 1,79,37,020 முறை சுற்றும் எனக் கூறுகிறது. அந்நூலின்படி ஒரு மகாயுகத்தின் நாட்கள் 1,57,79,17,500 ஆகும். இதனை அதனால் வகுத்தால் 87.97 நாட்கள் என்னும் விடை கிட்டும். புதன் சூரியனைச் சுற்றும் காலமாக இன்று கொள்ளப்படுவதும் 87.97 நாட்களே.

ஆரியபடர் இவ்வெண்ணைச் சூரியனைச் சுற்றும் காலம் என்று விளக்கவில்லை. கணிப்பிற்கு உதவும் ஒரு புள்ளியின் சுற்றாகவே கொண்டார் என்பது இங்குக் கருதத்தக்கது. கேரளத்து நீலகண்ட சோமயாஜி 1500ஆம் ஆண்டளவில் இயற்றிய தந்திரசங்கிரகத்தில், புதனுக்கும் வெள்ளிக்கும் உரிய கணிப்புமுறையைத் திருத்தியமைத்தார். விளக்கம் மாறியபோதும் சுற்றுக்காலத்தின் அளவு மாறவில்லை. பல தலைமுறையினர், பல இடங்களில், ஒருவர் கூற்றை ஒருவர் சாராது, கோள் வானில் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்ததன் பயனே அவ்வளவின் உறுதிப்பாடு எனலாம். இடத்தைக் குறிப்பதற்குக் கோளின் முகத்தைக் காணவேண்டிய தேவை இல்லை. தற்சுழற்சியை அறிவதற்கோ அம்முகத்தைக் கண்டாக வேண்டும். இடர்ப்பாடு அங்குதான் தொடங்கிற்று.

தொலைநோக்கி காட்டிய சிறுவட்டு

புதன் சூரிய வட்டின் குறுக்கே கரும்புள்ளியாகக் கடந்து செல்வதைக் கெப்ளர் முன்கூட்டியே கணித்துரைத்திருந்தார். அவர் மறைந்த மறு ஆண்டில், 1631 நவம்பர் 7ஆம் நாள், பாரிசிலிருந்து பியர் கசெண்டி அந்நிகழ்வைக் கண்டார். எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய புள்ளியாகப் புதன் தோன்றியமையால், முதலில் அதனைச் சூரியப்புள்ளி என்றே அவர் ஐயுற்றார். கோள் கருதப்பட்டதைவிடச் சிறியது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது. இதே வகை நிகழ்வொன்றைக் காண்பதற்கு ஆங்கிலேயரான ஜெரமி ஷேக்கர்லி 1651இல் சூரத் நகரைத் தேர்ந்தார். இந்திய மண்ணில் தொலைநோக்கி கொண்டு நிகழ்ந்த வானியல் நோக்கீடுகளுள் முதன்மையானவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. இதற்கிடையே 1639இல் ஜியோவன்னி ஜூபி, நிலவைப் போலவே புதனும் வளர்பிறை தேய்பிறைகள் உடையது எனக் கண்டறிந்தார்.

புதனின் முகத்தில் அடையாளங்களைக் கண்டு தற்சுழற்சியைக் கணிக்கும் முயற்சி 1800ஆம் ஆண்டளவில் செருமனியைச் சார்ந்த ஷ்ரோட்டரால் மேற்கொள்ளப்பட்டது. பிறைவடிவில் தோன்றிய புதனின் தென்முனை மழுங்கியிருந்ததாக அவர் கண்டார். அங்கு 20 கி.மீ. உயரமுள்ள மலை இருப்பதாகவும், கோள் ஏறத்தாழ ஒரு நாளில் ஒருமுறை சுழல்வதாகவும் முடிவு செய்தார். அவர்தம் குறிப்புகளைக் கொண்டு கணிதவறிஞர் பெசல், 24 மணி 0 நிமிடம் 53 நொடி எனத் துல்லியமாகக் கணித்தளித்தார். அம்மலையும் இல்லை; அச்சுழற்சியும் இல்லை. கணக்கீட்டின் நுட்பம், அக்கணக்கீட்டிற்கு அடிப்படையான சான்றின் நுட்பமாகாது என்பதற்கு இது தொடக்கச் சான்றாகிறது. பூமியைப் போன்றே பிற கோள்களும் இருக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இங்குக் காட்சியை வழிநடத்தியுள்ளமை தெளிவு.

88 நாள் கொள்கை

மிலான் நகரின் பிரேரா வானாய்வகத்தின் இயக்குநரான ஜியோவன்னி ஸ்கியாப்பரெல்லி, 1880களில் புதனைப் புதியதொரு முறையில் நோக்கத் தொடங்கினார். அந்திப்பொழுதில் புதன் அடிவானத்தருகே தாழ்ந்திருப்பதால், அதன் ஒளி தடித்த காற்றடுக்குகளைக் கடந்துவந்து நடுங்கும். ஆதலின் கோள் வானில் உயர்ந்து நிற்கும் பகற்பொழுதிலேயே தொலைநோக்கியைத் திருப்பி அதனைக் கண்டார். முறை சிறந்தது, உழைப்பும் பெரியது. சில ஆண்டுகள் தொடர்ந்து வரைந்த படங்களைக் கொண்டு, 1889இல் தம் முடிவை வெளியிட்டார். நிலவு பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவது போலப் புதனும் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது; எனவே தற்சுழற்சிக் காலமும் சுற்றுக்காலமும் ஒன்றே, 88 நாட்கள் என்பது அம்முடிவு.

இம்முடிவிற்குக் கொள்கையளவிலும் துணை இருந்தது. ஓத உராய்வால் சிறிய வான்பொருளின் சுழற்சி காலப்போக்கில் தளர்ந்து, அது பெரிய பொருளுக்கு ஒரே முகத்தைக் காட்டும் நிலையை எய்தும் என்பது, ஜார்ஜ் டார்வினின் ஆய்வுகளால் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்த கருத்தாகும். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள புதன் அந்நிலையை எய்தியிருக்கும் எனக் கருதுவது இயல்பே.

அடுத்து வந்தோர் இதனை வழிமொழிந்தனர். அமெரிக்காவின் பெர்சிவல் லோவல் 1896-97இல் புதனை நோக்கி 88 நாட்களையே உறுதிசெய்தார். அதன் முகத்தில் நேர்கோடுகளையும் வரைந்தார். பாரிசுக்கு அருகிலுள்ள மெதோன் வானாய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கியைப் பயன்படுத்திய அந்தோனியாதி, 1934இல் வெளியிட்ட தம் நூலில் அதனையே நிலைநாட்டினார். இவ்வந்தோனியாதியே 1909இல் அதே தொலைநோக்கியின் துணையால், செவ்வாயில் ஸ்கியாப்பரெல்லி கண்ட கால்வாய்க் கோடுகள் கண்மயக்கம் எனக் காட்டியவர் என்பது குறிப்பிடத்தக்கது. செவ்வாயில் முன்னோரை மறுத்த அதே கண், புதனில் அவர் கண்டதையே கண்டது. 1950களில் பிரான்சின் பிக் து மிதி மலையுச்சியிலிருந்து ஆராய்ந்த டோல்ஃபுஸும் 88 நாட்களையே ஏற்றார். கவனக்குறைவு இப்பிழைக்குக் காரணமன்று என்பதை இப்பட்டியலே உணர்த்தும்.

பிழை பெற்றெடுத்த கற்பனை இயல்புகள்

தற்சுழற்சி பற்றிய பிழை தனித்து நிற்கவில்லை. கோளின் பிற தன்மைகள் பற்றிய கருத்துகளும் அதன்மேல் எழுந்தன. ஒருபக்கம் நிலையான பகலும் மறுபக்கம் நிலையான இரவும் கொண்டது புதன்; பகற்பக்கத்தில் ஈயமும் உருகும்; இரவுப்பக்கமோ சூரியக் குடும்பத்தின் கடுங்குளிர் வாய்ந்த நிலம்; இரண்டிற்கும் இடையே சூரியன் அடிவானத்தில் ஏறியும் இறங்கியும் ஊசலாடும் அந்திப்பட்டை ஒன்றுண்டு என்றெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெளிவந்த நூல்கள் உரைத்தன.

எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த கரும்புலம் காணப்படாத நாட்களும் இருந்தன. அவை கொள்கைக்கு எதிரான சான்றுகளாகக் கொள்ளப்படவில்லை. மேகமோ தூசிப்படலமோ அப்புலத்தை மறைத்திருக்க வேண்டும் என்று ஸ்கியாப்பரெல்லியும் அந்தோனியாதியும் விளக்கினர். இவ்வாறு ஒரு பிழையைக் காக்க, இல்லாத மேகங்கள் படைக்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் வானொலி அலைகள் வாயிலாகப் புதனின் வெப்பநிலை அளக்கப்பட்டபோது, என்றுமே வெயில் படாதது எனக் கருதப்பட்ட பக்கமும் எதிர்பார்த்ததைவிட வெப்பமாக இருந்தது. அப்போதும் சுழற்சிக்காலம் முதலில் ஐயுறப்படவில்லை. வெப்பத்தை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்லும் காற்று ஒன்றுண்டு என்னும் விளக்கமே முன்வைக்கப்பட்டது.

1965: ரேடார் தந்த விடை

கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் அரசிபோவில், 305 மீட்டர் விட்டமுடைய வானொலித் தொலைநோக்கி 1963இல் செயற்படத் தொடங்கியது. 2020இல் இடிந்து வீழும்வரை வானியலுக்குப் பெருந்தொண்டாற்றிய கருவி அது. கார்டன் பெட்டெங்கில், ரால்ஃப் டைஸ் ஆகிய இருவரும் 1965 ஏப்ரலில், புதன் பூமிக்கு அண்மையில் வந்தபோது, அதனை நோக்கி ரேடார் அலைகளைச் செலுத்தினர். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும். மறு விளிம்பு விலகிச் செல்லும். ஆகவே எதிரொலித்து மீளும் அலையின் அதிர்வெண் இருபுறமும் சிறிது விரியும். அவ்விரிவின் அளவு சுழற்சியின் விரைவைக் காட்டும். அவர்கள் பெற்ற விடை 59 நாட்கள். பிழையெல்லை ஐந்து நாட்கள். 88 அவ்வெல்லைக்கு வெகு தொலைவில் இருந்தது.

இம்முறையின் சிறப்பு அதன் நுட்பத்தில் மட்டும் இல்லை. கோளின் முகத்தில் எந்த அடையாளத்தையும் அது காணவேண்டியதில்லை. முன்னோர் வரைந்த எந்தப் படத்தையும் சார்ந்திருக்கவில்லை. மேலும் புதன் பூமிக்கு மிக அண்மையில் இருக்கும் காலம், அதன் இருண்ட முகம் நம்மை நோக்குவதால் கண்ணால் நோக்குவோர்க்குப் பயனற்ற காலமாகும். கண் காணாத வேளையில், கண்ணைச் சாராத கருவி பெற்ற சான்று இது.

இத்தாலியின் படுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜுசெப்பே கொலம்போ, 59 என்பது 88இன் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். புதன் சூரியனை இருமுறை சுற்றும் காலத்தில் தன்னச்சில் சரியாக மும்முறை சுழல்கிறது, சுழற்சிக்காலம் 58.65 நாட்கள் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. ஓத உராய்வு பற்றிய கொள்கை தவறன்று. அதனைப் புதனுக்குப் பொருத்திய முறையே தவறு. புதனின் பாதை வட்டமன்று. சூரியனிலிருந்து 460 இலட்சம் கி.மீ. முதல் 700 இலட்சம் கி.மீ. வரை விலகும் நீள்வட்டம். அண்மை நிலையில் ஓத விசை மிகுதி. கோள் ஓடும் விரைவும் மிகுதி. அந்நிலையின் விரைவோடு ஒத்துப்போகும் சுழற்சியில் கோள் நிலைபெற்றுவிட்டது.

பிழை நிலைத்தமைக்கான காரணம்

ஏழு தசாப்தங்களுக்கு மேலாகத் தேர்ந்த நோக்கர்கள் எவ்வாறு தவறினர்? பூமியிலிருந்து காண்போர்க்குப் புதன் ஒரே நிலையில் மீண்டும் தோன்ற ஏறத்தாழ 116 நாட்கள் ஆகும். எல்லாத் தோற்றங்களும் நோக்குதற்கு ஏற்றவை அல்ல. வடகோளத்து நோக்கர்க்கு இளவேனிற்கால மாலைத் தோற்றமும் இலையுதிர்கால விடியல் தோற்றமும் சிறந்தவை. எனவே மூன்று தோற்றங்களுக்கு ஒருமுறை, அதாவது 348 நாட்களுக்கு ஒருமுறை, நல்ல வாய்ப்பு மீளும். புதன் ஆறுமுறை தன்னச்சில் சுழல ஆகும் காலமோ 352 நாட்கள். இவ்விரு எண்களின் அண்மையால், நல்ல வாய்ப்பு வரும்போதெல்லாம் புதன் ஏறத்தாழ அதே முகத்தையே காட்டியது. இடையில் அது பிற முகங்களைக் காட்டியபோது நோக்கியவர் சிலர். நோக்கிய நிலையும் நன்றன்று. எஞ்சிய சிறு விலகல்களை, நீள்வட்டப் பாதையால் விளையும் ஊசலாட்டம் என்றும் மேகமறைப்பு என்றும் கூறி அமைதி காண முடிந்தது.

1967இல் க்ருக்ஷாங்க், சாப்மன் ஆகியோர் பழைய படங்களை மீண்டும் ஆராய்ந்து, அவை 58.65 நாள் சுழற்சியோடும் பொருந்துவதைக் காட்டினர். முன்னோர் வரைந்த படங்கள் முற்றிலும் பொய்யல்ல என்பது இதனால் விளங்கும். சான்று இரு விடைகளுக்கு இடந்தந்தது. அவர்கள் ஒன்றை மட்டுமே வினவினர்.

தமிழியல் ஆய்வாளர்க்கு இவ்விடம் புதியதன்று. ஒரு பாடம் பத்துச் சுவடிகளில் காணப்படினும், அப்பத்தும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்டவையாயின், அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். முன்னோர் படத்தை மனத்திற்கொண்டு தொலைநோக்கியில் கண்பதித்தவர், ஒருவகையில் படியெடுப்போரே. வேறு வழியில் வந்த ஒற்றைச் சுவடி பாடத்தைத் திருத்துவது போல, வேறு வழியில் வந்த ரேடார் அலை புதனின் பாடத்தைத் திருத்தியது.

இன்று அறியப்படும் புதன்

திருத்தம் பெற்ற சுழற்சி, கோளின் நிலைமைகள் பற்றிய கருத்துகள் அனைத்தையும் மாற்றிற்று. நிலையான பகற்பக்கமோ இரவுப்பக்கமோ அங்கில்லை. மூன்று சுழற்சிகளும் இரண்டு சுற்றுகளும் இணைந்து ஒரு பகலிரவை உருவாக்குகின்றன. ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 176 பூமிநாட்கள் ஆகும். புதனில் ஒரு நாள் என்பது அதன் இரண்டு ஆண்டுகள். சூரிய அண்மை நிலையில் கோளின் ஓட்டம் சுழற்சியை விஞ்சுவதால், அங்கு நிற்பவர்க்குச் சூரியன் வானில் நின்று, சில நாட்கள் பின்சென்று, மீண்டும் முன்னேறுவதாகத் தோன்றும். நண்பகலில் வெப்பம் 430 பாகை செல்சியசை எட்டும். நீண்ட இரவில் உறைநிலைக்குக் கீழே 180 பாகை வரை இறங்கும். வெப்பத்தைத் தேக்கிவைக்கப் போதிய காற்று இன்மையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். சோடியம், ஆக்சிசன், ஹைட்ரஜன், ஹீலியம் முதலிய அணுக்கள் மிக அருகிய நிலையில் மேற்பரப்பைச் சூழ்ந்துள்ளனவேயன்றி, மேகம் உருவாகும் வளிமண்டலம் இல்லை.

1974-75இல் மாரினர் 10 விண்கலம் மும்முறை புதனை அணுகிக் கடந்தது. ஒரே விண்கலம் மீண்டும் மீண்டும் புதனைச் சந்திக்கும் பாதையைச் சுட்டியவரும் கொலம்போவே. மேற்பரப்பில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை அது படம்பிடித்தது. நிலவினைப் போலக் கிண்ணக்குழிகள் நிறைந்த நிலமும், சுமார் 1,550 கி.மீ. அகலமுடைய காலோரிஸ் என்னும் பெருங்குழிவும், கோள் குளிர்ந்து சுருங்கியதால் எழுந்த நெடிய செங்குத்துச் சரிவுகளும் தெரியவந்தன. பூமியினதில் ஒரு விழுக்காட்டளவே வலிமையுள்ள காந்தப்புலமும் அறியப்பட்டது. புதனின் கிண்ணக்குழிகளுக்குக் கலைஞர், இலக்கியவாணர் பெயர்களைச் சூட்டும் மரபின்படி வால்மீகி, வியாசர், காளிதாசர் ஆகியோரோடு திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரும் அங்கு இடம்பெற்றுள்ளார்.

2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் முழுப்பரப்பையும் படம்பிடித்தது. கோளின் இரும்பு உள்ளகம் சுமார் 2,000 கி.மீ. ஆரமுடையது, 2,440 கி.மீ. ஆரமுள்ள கோளில் பாறையடுக்கு மெல்லிய ஓடாகவே அமைந்துள்ளது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.43 கிராம் என்னும் உயர் அடர்த்திக்கு இதுவே காரணம். மேற்பரப்பு ஈர்ப்பு பூமியினதில் 38 விழுக்காடாகும்.

வியத்தகு செய்தி துருவங்களிலிருந்து வந்தது. 1991இல் ரேடார் அலைகள் வடதுருவத்திலிருந்து மிகப் பொலிவாக எதிரொலித்தன. புதனின் அச்சு ஏறத்தாழச் சாய்வின்றி நிற்பதால், துருவத்தை ஒட்டிய ஆழ்குழிகளின் அடியில் சூரியஒளி ஒருபோதும் விழுவதில்லை. அங்கு நீர்ப்பனி உறைந்துள்ளது என்பதை மெசஞ்சர் அளவீடுகள் 2012இல் வலுவாக ஆதரித்தன. முன்னோர் கருதிய நிலையான இருள், அவர்கள் கருதாத இடத்தில், அவர்கள் கூறாத காரணத்தால் நிலவுகிறது.

முடிவுரை

புதனின் சுற்றுக்காலம் ஒன்றையொன்று சாராத நோக்கீடுகளால் பண்டே செம்மையாக அறியப்பட்டது; அதன் தற்சுழற்சியோ ஒன்றையொன்று சார்ந்த நோக்கீடுகளால் நெடுங்காலம் பிழையாகவே அறியப்பட்டது. சான்றுகளின் எண்ணிக்கையன்று, அவற்றின் தற்சார்பே முடிவிற்கு வலிமை தருவது என்பது இதனால் பெறப்படும். முரணான செய்தி கிட்டியபோது அதனை விளக்கித் தள்ள மேகமும் காற்றும் கற்பிக்கப்பட்டன. அக்கற்பனைகளே பிழையின் இருப்பைக் காட்டும் அடையாளங்களாக அமைந்தன. பழைய படங்கள் மறுஆய்வில் புதிய விடையோடு பொருந்தியமையால், முன்னோர் உழைப்பு வீணாகவில்லை; அதனைப் படித்த முறையே திருத்தம் பெற்றது. கொலம்போவின் பெயர் தாங்கி 2018இல் ஏவப்பட்ட பெபிகொலம்போ விண்கலம், புதனைச் சுற்றிவந்து ஆராயும் நோக்குடையது. 2025 சனவரியில் ஆறாவது முறையாக அது கோளை அணுகிக் கடந்தது. எண்ணொன்றில் ஐயுற்றுப் புதுப்பொருள் கண்ட அறிஞரின் பெயர் அவ்விண்கலத்திற்கு அமைந்தது பொருத்தமுடையதாகும்.